வேலைக்குக் கிடைத்த அறை



உங்கள் வீட்டில் ஐந்தாம் படிவமோ ஆறாம் படிவமோ படிக்கும் பிள்ளை இருந்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மேற்படிப்பு என்றதும் நாம் எல்லாரும் கல்லூரிக் கட்டணத்தைத்தான் கணக்குப் பார்க்கிறோம். பிள்ளை எங்கே படுக்கும், மூன்று வேளை எதைச் சாப்பிடும் என்ற கணக்கு கடைசியில்தான் வருகிறது. நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது அந்தக் கடைசிக் கணக்கில்தான். எங்கள் குடும்பமும் அங்கேதான் வந்து நின்றது.

2023 பிப்ரவரியில் ஓர் இரவு, மணி ஒன்பது இருக்கும். என் தம்பி மகள் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டாள். அங்கே அப்போது காலை ஏழு மணி. "அத்தே, அப்பாகிட்ட இன்னும் சொல்லல. முதல்ல நீங்க கேளுங்க" என்று ஆரம்பித்தாள்.

அவள் நீலாயில் ஒரு கல்லூரியில் அமெரிக்கப் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைப் படித்தவள். கட்டணத்தில் பெரும்பகுதிக்கு உதவித்தொகை கிடைத்தது. மீதி இரண்டு ஆண்டுகளை அங்கேயே போய் முடிக்க வேண்டும். அந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தது. தம்பி ஊழியர் சேமநிதியில் பிள்ளையின் படிப்புக்கென்று எடுக்க முடிந்ததை எடுத்தான். நான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தேன். அப்படியும் எட்டாமல் நின்றது தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 12,000 டாலர். நம் பணத்தில் 50,000 வெள்ளி. சிரம்பானில் இரவுக் காவல் வேலை பார்க்கும் என் தம்பிக்கு இது இரண்டு வருடச் சம்பளத்தைவிட அதிகம்.

அவள் சொன்ன செய்தி இதுதான். மாணவர் விடுதியில் ஒரு வேலை இருக்கிறது. அதற்கு 'ரெசிடென்ட் அசிஸ்டென்ட்' என்று பெயர். சுருக்கமாக ஆர்.ஏ. என்பார்கள். விடுதியிலேயே தங்கிப் படிக்கும் மூத்த மாணவரை ஒரு மாடிக்குப் பொறுப்பாளராகப் போடுவார்கள். அந்த மாடியில் முப்பது, நாற்பது புதிய மாணவர்கள் இருப்பார்கள். ஒரே அறையில் இருக்கும் இருவர் சண்டை போட்டால் சமாதானம் செய்ய வேண்டும். யாருக்காவது காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முறை வரும் இரவுகளில் மாடி மாடியாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். நெருப்பு மணி அடித்தால் எல்லாரையும் வெளியே கொண்டுவர வேண்டும். வீட்டு நினைவில் அழும் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும். இதற்குக் கூலியாக அறை இலவசம், சாப்பாடும் இலவசம், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. மறுநாளே தம்பி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான்.

"வேணாம்க்கா. வேலைக்கு வீடுன்னா என்னான்னு ஒனக்குத் தெரியாதா?"

வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், வாசகர்களே. தோட்டத்தில் பிறந்த உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாங்கள் லாபு வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா விடியற்காலைப் பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு பால் மரம் வெட்டி, வாளி வாளியாகப் பால் சுமந்து ஸ்டோரில் நிறுத்து வந்தவர். அம்மாவும் அதே நிரையில் வேலை செய்தார், இடுப்பு வலி வந்து நிற்கும்வரை. எங்கள் லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது. தண்ணீர்க் குழாய் லயத்துக்கு ஒன்று. அந்த வீட்டை 'எங்கள் வீடு' என்றுதான் சொல்லி வளர்ந்தோம்.

1984-இல் அப்பாவுக்கு 55 வயது முடிந்தது. அந்த மாதமே கிராணி வந்து வாசலில் நின்றார். நல்ல மனிதர், தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னார். வீட்டில் யாராவது ஒருவர் செக்ரோலில் பெயர் பதிந்தால் வீடு இருக்கும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்பது துரையின் உத்தரவு.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். அங்கே விடுதி அறை, சாப்பாடு, மாதாமாதம் பயிற்சி உதவித்தொகை எல்லாம் உண்டு. நான் பாதியில் வந்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். தம்பிக்கு 18 வயது. எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி. ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்து, வெள்ளைச் சட்டைகூடத் தைத்தாகிவிட்டது. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. யாரும் போகாதே என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அப்பாவின் உளியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய் நின்றான்.

வீடு தங்கியது. நான் படிப்பை முடித்து ஆசிரியை ஆனேன். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். தம்பி குலை அறுக்கப் போனான். சில ஆண்டுகள் கழித்து நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, லயமும் இடிக்கப்பட்டது. இன்று அங்கே வரிசை வீடுகள். எங்கள் வேப்பமரம் நின்ற இடத்தில் ஒரு கார் நிற்கிறது. ஒருமுறை அந்த வழியாகப் போனபோது தம்பி சொன்னான்: "அந்த வீட்டுக்கு நான் குடுத்த வாடகை என் படிப்புக்கா." நாற்பது ஆண்டுகளில் அவன் அதைச் சொன்னது அந்த ஒரே முறைதான்.

இப்போது புரிகிறதா, மகளின் அறைக்கு அவன் ஏன் வேண்டாம் என்றான் என்று? மகள் அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று யாராவது சொன்னால், அதே நாளில் வேலையும் போகும், கூரையும் போகும். நம் ஊரில் என்றால் ஓர் உறவினர் வீட்டுத் திண்ணையாவது இருக்கும். அங்கே, பனி கொட்டும் ஊரில், அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்?

அவன் பயம் வீண் பயம் அல்ல. நம் நாட்டுச் சரித்திரமே அதற்குச் சாட்சி. 1950-ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதைச் சொல்வோம். வேலை போனவர்களுக்கு வீடும் சேர்ந்தே போயிற்று. அதைக் கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகப் பத்து மாதம் கட்டினால் 100 வெள்ளிப் பங்கு. தொழிலாளர்கள் அப்படிக் கட்டிய காசில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தோட்ட வீடு எப்படி இருக்க வேண்டும், என்னென்ன வசதி வேண்டும் என்று வரையறுக்கும் தனிச் சட்டம் 1990-இல் வந்தது. ஆனால் வீடு நல்லதாக இருப்பது வேறு, வீடு நமக்கென்று நிலைப்பது வேறு. முன்னதற்குச் சட்டம் வந்தது. பின்னதற்கு நாம் சொந்த வீடு வாங்க வேண்டியிருந்தது.

தம்பியின் பேச்சை மருமகளிடம் அப்படியே சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அத்தே, அப்பா கேக்கற கேள்வியை இங்கயும் கேட்டிருக்காங்க" என்றாள். அவள் சொன்ன பிறகு நானும் விசாரித்துப் படித்தேன்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் ஒன்று அம்ஹெர்ஸ்ட் என்ற ஊரில் இருக்கிறது. 2002-இல் அங்கே விடுதி உதவியாளர்களாக இருந்த மாணவர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். எந்தச் சங்கம் தெரியுமா? கார் செய்யும் தொழிலாளர்களின் சங்கம். இவர்கள் முதலில் மாணவர்கள், தொழிலாளர்கள் அல்லர் என்று நிர்வாகம் வாதாடிப் பார்த்தது. நாங்கள் படிக்கிறோம், வேலையும் செய்கிறோம் என்று பிள்ளைகள் பதில் சொன்னார்கள். 2016-இல் அந்நாட்டுத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம், கொலம்பியா பல்கலைக்கழக வழக்கில், தனியார் பல்கலைக்கழகங்களில் கூலி பெற்றுக் கற்பித்தல், ஆய்வு வேலைகளைச் செய்யும் மாணவர்களும் தொழிலாளர்களே என்று தீர்ப்புச் சொன்னது. 2022-இல் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் விடுதி உதவியாளர்களின் சங்கத்தைத் தானாகவே அங்கீகரித்தது.

நம் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கி, 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதற்குத் தலைமை தாங்கிய பி. பி. நாராயணன் காலத்துக் கதை உங்களுக்கு நினைவுக்கு வரவில்லையா? அறை கொடுத்தோம், சோறு போட்டோம், பிறகென்ன கேள்வி என்பது எல்லா ஊரிலும் ஒரே பேச்சுத்தான். அறையும் சோறும் தருமம் அல்ல. அவை கூலி. கூலி என்றால் அதற்கு நேரம் உண்டு, அளவு உண்டு, நிபந்தனை உண்டு. நிபந்தனையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமையும் உண்டு.

எனவே நாங்கள் மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உட்கார்ந்து நான்கு கேள்விகள் எழுதினோம். கேள்விகள் பெரும்பாலும் தம்பியினுடையவை. அவற்றை ஆங்கிலத்தில் ஆக்கியது மகள். உங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் கேள்வி: கொடுப்பதைச் சம்பளம் என்று கொடுக்கிறீர்களா, உதவித்தொகை என்று கணக்கில் எழுதுகிறீர்களா? இது வெறும் பெயர் வித்தியாசம் இல்லை. சில இடங்களில் அறை வாடகையை மாணவரின் கணக்கில் உதவித்தொகையாக வரவு வைப்பார்கள்.

இரண்டாவது: இதை ஏற்றால் ஏற்கெனவே கிடைக்கும் உதவி குறையுமா? வறுமை பார்த்துக் கொடுக்கும் உதவி என்றால், ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை பிடித்துக்கொள்ளலாம். ஏழைப் பிள்ளையும் வசதியுள்ள பிள்ளையும் ஒரே வேலையைச் செய்வார்கள். வசதியுள்ளவனுக்கு அறை முழு லாபம். ஏழைக்கு ஓர் உதவி போய் இன்னோர் உதவி வரும், வேலை மட்டும் கூடுதலாகச் சேரும். இந்த அநியாயத்தைப் பற்றி அங்குள்ள பிள்ளைகளே குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

மூன்றாவது: வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? வெளிநாட்டு மாணவர் அங்கே படிப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது குடிநுழைவுச் சட்டம். ஆகவே இந்த வேலையோடு நூலகத்திலும் வேலை பார்க்கலாம் என்று கனவு காணக் கூடாது. சோதனை வாரத்தில் இரவு முறை எத்தனை என்றும் கேட்க வேண்டும்.

நான்காவது, தம்பியின் கேள்வி: வேலை போனால் அறையை எத்தனை நாளில் விட வேண்டும்? படிப்பு விடுமுறையில் விடுதியை மூடும்போது, ஊருக்குப் போக முடியாத பிள்ளை எங்கே தங்குவது?

பதில் பத்து நாளில் வந்தது. எழுத்தில் வந்தது. அறையும் சாப்பாடும் அவள் கணக்கில் உதவித்தொகையாக வரவு வைக்கப்படும். அவளுக்குத் தங்கும் செலவுக்கென்று கிடைத்துக்கொண்டிருந்த 1,500 டாலர் சிறு உதவி நின்றுவிடும். கட்டணத் தள்ளுபடிக்குப் பாதகம் இல்லை. வேலை போனால் வேறு அறைக்கு மாற அவகாசம் உண்டு, ஆனால் அன்றிலிருந்து வாடகை அவள் பொறுப்பு. குளிர்கால விடுமுறையில் பொறுப்பாளர்கள் சிலர் தங்கிக்கொள்ளலாம்.

தம்பி அந்தத் தாளை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டான். 1,500 போனாலும் பத்தாயிரம் டாலருக்கு மேல் மிச்சம் என்று விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தான். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். "நாலு மாச வாடகைப் பணத்த நான் அனுப்பறேன். அதத் தொடாம வச்சிக்க. ஒரு நாள் எவனாவது வெளிய போன்னு சொன்னா, நீ தலை நிமிந்து போகணும். எங்கப்பா மாதிரி நிக்கக் கூடாது."

அந்தப் பணத்தை எப்படிப் புரட்டினான் என்று அவளிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அவள் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை, ஆகவே உங்களிடம் சொல்லலாம். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு ஒரு வருடம் பேருந்தில் வேலைக்குப் போனான்.

அவள் 2023 ஆகஸ்டில் வேலையில் சேர்ந்தாள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், "அத்தே, இந்த வேலை நம்ம ஆயாக் கொட்டகைப் பாட்டி வேலைதான்" என்று சிரித்தாள். அவள் அந்தப் பாட்டியைப் பார்த்ததில்லை, நாங்கள் சொல்லக் கேட்டதுதான். தாய்மார்கள் நிரையில் நிற்கும்போது முழு லயத்துப் பிள்ளைகளுக்கும் பாலூற்றித் தொட்டிலாட்டிய கிழவி அவர். அவருக்கு அரை ஆள் சம்பளம்தான் போட்டார்கள். அவர் செய்ததை யாரும் வேலை என்றே எண்ணவில்லை. பக்கத்து அறைப் பையன் ஒருவன் தகப்பன் இறந்த செய்தி கேட்டு அழுதபோது, விடியும்வரை அவனோடு உட்கார்ந்திருந்ததாக மருமகள் சொன்னாள். அன்று காலை எட்டு மணிக்கு அவளுக்குப் பரீட்சை. மதிப்பெண் குறைந்தது. அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் மறைக்கக் கூடாது. அறை இலவசம் என்பார்கள். தூக்கம் அதன் விலை.

இதெல்லாம் அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்குத்தானே என்று நினைக்காதீர்கள். நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் தங்கும் கல்லூரிகள் உண்டு. முதலாம் ஆண்டில் பெரும்பாலும் அறை கிடைத்துவிடும். அடுத்த ஆண்டுகளில் பல இடங்களில் புள்ளி பார்த்துத்தான் அறை கொடுக்கிறார்கள். விளையாட்டு, கலைநிகழ்ச்சி, மாணவர் செயற்குழு என்று பங்கெடுத்தவர்களுக்குப் புள்ளி. நம் பிள்ளைகள் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றுவிட்டு, இரண்டாம் ஆண்டில் வெளியே வாடகை அறை தேடி அலைகிறார்கள். முதல் வாரத்திலேயே தங்கும் கல்லூரியின் செயற்குழுவில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் விரிவுரையாளர்களாக இருக்கும் 'ஃபெலோ'க்கள் விடுதியிலேயே தங்கியிருப்பார்கள். அவர்களைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வழி தேடும்போதும் அதே நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுச்சேவைத் துறையின் உதவிச் சம்பளம் என்றால், படித்து முடித்ததும் எத்தனை ஆண்டு வேலை செய்யக் கட்டுப்பாடு என்று கேளுங்கள். 1997-இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். கொடுப்பது கடன், திருப்பிக் கட்ட வேண்டியது என்பதை மறக்காதீர்கள். நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி செய்து வந்திருக்கிறது. தாத்தா கட்டிய அந்த 100 வெள்ளிப் பங்குப் பத்திரம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கிறதா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். கிடைத்தால் சங்கத்துக்குப் போய் விசாரியுங்கள்.

நாம் பயந்தே பழகியவர்கள். துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற பரம்பரை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கேட்டால் கொடுத்ததும் போய்விடுமோ என்று வாய் மூடி இருந்துவிடுவோம். எங்கள் அனுபவத்தில், கேட்டதால் அந்த வேலை போய்விடவில்லை. கேள்வி அனுப்பிய பெண்ணைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

மருமகள் 2025 மே மாதம் பட்டம் பெற்றாள். விழாவுக்கு நாங்கள் யாரும் போக முடியவில்லை. தம்பி கைப்பேசியில் பார்த்தான். அடுத்த வாரம் அவனுக்கு ஒரு பணம் வந்தது. அவன் அனுப்பிய நாலு மாத வாடகை, ஒரு காசு குறையாமல். கூடவே ஒரு செய்தி: "அப்பா, யாரும் என்னை வெளியே போகச் சொல்லல. பைக் வாங்கிக்குங்க."

யார் சொன்னது என்று அவன் என்னைத்தான் முறைத்துப் பார்த்தான். சத்தியமாக நான் சொல்லவில்லை, வாசகர்களே. பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.